தேன் ஒளி நாட்டில் நோயாளிகள் இல்லை

மலை வளர்ந்து வளர்ந்து வானத்தையே மூடிவிட்ட நாடு ஒன்று இருந்தது. குடைமலை நாடு என்று பெயர். அங்கே சூரியன் வந்துபோனதாகப் பாட்டுகளில் உண்டு. பார்த்தவர்கள் இல்லை. அரண்மனைக் கோபுரத்தில் ஒரு மணி அடித்தால் காலை, இரண்டு அடித்தால் மதியம், மூன்று அடித்தால் மாலை. குழந்தைக்குப் பெயர் வைக்கும் அன்றே அதன் கையில் ஒரு டார்ச்சும் கொடுத்துவிடுவார்கள்.

டார்ச்சை நம்பி வாழ்கிறவர்களுக்கு எல்லா வெளிச்சமும் ஒன்றல்ல. ரோஜாச் சாயல் கலந்த வெள்ளை சிலருக்குப் பிடிக்கும். சிலருக்கு நீலம் ஓடினால்தான் வெளிச்சம். துளி பச்சை கலந்திருந்தாலும், சோறு பாசி பிடித்தாற்போல இருக்கிறதென்று இலையை விட்டு எழுந்துவிடுகிறவர்களும் இருந்தார்கள். இந்தச் சண்டைகளைத் தீர்க்கவே கடைத்தெருக் கோடியில் சுண்ணாம்பு பூசிய ஒரு சுவர் இருந்தது. மாலை மணி அடித்ததும் ஊரே அங்கே கூடி, இரண்டு டார்ச்சுகளைப் பக்கத்துப் பக்கத்தில் அடித்துப் பார்க்கும். தனியாகப் பார்த்தால் எந்த வெளிச்சமும் கொஞ்ச நேரத்தில் வெள்ளையாகிவிடும் என்பது அந்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். கண் பழகிவிடும். பக்கத்தில் இன்னொன்று எரிந்தால்தான் முதலாவதின் நிறம் வெளியே வரும்.

குழலியும் தில்லையனும் அந்தச் சுவரின் முன்னால்தான் பழகினார்கள். அவள் துணிக்கடையில் புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுக்கிறவள். அவன் டார்ச் பழுது பார்க்கிறவன். அவளுடைய டார்ச்சில் பச்சை ஓடுகிறது என்று அவன் சொல்ல, உங்களுடையது பவுடர் பூசிக்கொண்டு வந்திருக்கிறது என்று அவள் திருப்பிச் சொல்ல, ஒரு மாதம் தினமும் சண்டை போட்டார்கள். பிறகு அவன் நாற்பது எல்.இ.டி.களைச் சோதித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவளுக்காக ஒரு டார்ச் செய்தான். அதில் தக்காளி தக்காளியாகவும், மாம்பழச் சிவப்பும் மிளகாய்ச் சிவப்பும் தனித்தனியாகவும் தெரிந்தன. குழலி அந்த வெளிச்சத்தில் தன் உள்ளங்கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் கல்யாணம்.

அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் ஆண்டு, கீழ்க்குளத்துத் தண்ணீர் குடித்தவர்களின் கண்கள் மஞ்சளாயின. ஊர் முழுக்கக் கீழ்க்குளத்துத் தண்ணீர்தான் குடித்தது. அரண்மனைக்கும் அமைச்சர்களுக்கும் மேல்சுனையிலிருந்து குடங்களில் வரும். முதல் வாரம் முப்பது பேர், அடுத்த வாரம் முந்நூறு பேர் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றார்கள். குளத்தைத் தூர்வாரச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். மன்னர் அந்த மனுவை ஒளித்துறைக்கு அனுப்பினார்.

ஒளித்துறை அமைச்சர் பேரொளியார் மூன்று நாள் ஆலோசித்தார். நான்காம் நாள் தேன் ஒளிச் சட்டம் வந்தது. நாட்டில் பல வெளிச்சங்கள் இருப்பதே பிளவுகளுக்குக் காரணம். இனி எல்லா டார்ச்சுகளும் ஒரே தேன் நிறத்தில் எரியும் என்றது அது. தேன் ஒளியில் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுபோலவே தெரியும் என்பதைச் சட்டம் குறிப்பிடவில்லை. எட்டே நாளில் காமாலை நோயாளிகளின் எண்ணிக்கை பூஜ்யமானது. அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது பட்டா, வெறும் காடாத் துணியா என்று யாருக்கும் தெரியவில்லை.

டார்ச்சுகளை மாற்றும் வேலை பழுது பார்க்கிறவர்கள் தலையில் விழுந்தது. தன் தெருவின் இருநூற்றுப் பன்னிரண்டு டார்ச்சுகளைத் தில்லையன்தான் திறந்து, உள்ளிருந்த எல்.இ.டி.யைப் பிடுங்கி, தேன் நிற எல்.இ.டி.யை வைத்து மூடினான். கூட ஒரு நிறக்காவலர் நின்று எண்ணினார். குழலிக்காகச் செய்த டார்ச்சை மட்டும் தில்லையன் கணக்கில் காட்டவில்லை. அது அரிசிப் பானைக்குள் போனது.

அடுத்த சட்டம், இரண்டு டார்ச்சுகளைப் பக்கத்துப் பக்கத்தில் அடிப்பது ராஜத்துரோகம் என்றது. அதற்கடுத்த சட்டம், கண்ணுக்குத் தெரியாத நோயை மருத்துவர்கள் எழுதக் கூடாது என்றது. எழுந்து நிற்க முடியாதவர்களுக்குச் சோம்பல் என்று சான்றிதழ் தரப்பட்டது. சோம்பேறிகள் தினம் இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கல் உடைத்தார்கள். உடைக்கும்போதே சிலர் சாய்ந்தார்கள். சோம்பல் முற்றியதால் என்று பதிவானது.

நடுவில் அமைச்சரவைக்கு ஒரு தேர்தலும் வந்தது. எதிர்த்து நின்றவர் தேன் ஒளியை ஒழித்துச் சந்தன ஒளி கொண்டுவருவேன் என்றார். மக்கள் அழுதுகொண்டே அவருக்கு வாக்களித்தார்கள். சந்தன ஒளி வந்தது. அது தேன் ஒளிதானோ என்று சிலருக்குச் சந்தேகம். பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சட்டம் இடம் தரவில்லை. பேரொளியாரே அமைச்சராகத் தொடர்ந்தார். சட்டத்தின் பெயரும் மாறவில்லை. பெயர்ப்பலகை எழுதச் செலவாகும் என்றார்கள்.

ஒரு நாள் தில்லையன் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். மறுநாளும். மூன்றாம் நாள், குமட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தான். குழலி டார்ச்சை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். முகம் தங்கமாக இருந்தது. எல்லோருடைய முகமும் தங்கமாகத்தான் இருந்தது.

மதிய மணி அடித்து நிறக்காவலர்கள் சாப்பிடப் போன நேரத்தில், அவள் அரிசிப் பானைக்குள் கைவிட்டாள். ஜன்னலில் வேறு நிறம் தெரிந்தால் போதும், வீட்டோடு கொண்டுபோய்விடுவார்கள். போனவர்களில் திரும்பியவர்கள் இல்லை. கம்பளியை இருவர் தலைக்கும் மேல் இழுத்துப் போர்த்தினாள். ஸ்விட்சை அமுக்க விரல் வரவில்லை. தில்லையன்தான் அவள் விரல்மேல் தன் விரலை வைத்து அமுக்கினான்.

வெளிச்சம் வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு கம்பளியின் சிவப்பு சிவப்பாக இருந்தது. அவன் கண்களின் வெள்ளை, அரைத்த மஞ்சளாக இருந்தது.

குழலி வாயைப் பொத்திக்கொண்டாள். அணைத்துவிடு என்று சொல்வான் என நினைத்தாள். அவன் டார்ச்சை வாங்கி அவள் பக்கம் திருப்பினான்.

"கொஞ்சம் இரு. உன் முகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சு."

"என் கண்ணு எப்படிங்க இருக்கு?"

அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சிரித்தான்.

"பால் மாதிரி இருக்கு. உனக்கென்ன."

டார்ச்சை அணைத்தான்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் ஆதிரையான், தேன் நிற டார்ச்சை அவன் கண்ணில் அடித்துவிட்டுச் சோம்பல் என்று எழுதினார். மருந்து இருக்கிறதா இல்லையா என்று குழலி கேட்டாள். கிடங்கில் இருக்கிறது என்றார். ஐம்பது புட்டிகள், ஓர் ஆளுக்கு ஒரு புட்டி, இன்றிலிருந்து பத்து நாளைக்குள் குடித்தால் பிழைக்கலாம். நோய் இல்லாத நாட்டில் மருந்தை எப்படிக் கொடுப்பது என்பதுதான் சிக்கல். வாசல் வரை வந்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியுதும்மா. கையைத் தொட்டாலே தெரியுது. தெரியுதுன்னு எழுதுனா நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஆள் இருப்பான். ஒளித் திருநாள்ல அமைச்சர் குறை கேப்பாரு. அவரே பாத்துச் சொன்னா எழுதிடறேன்."

ஒளித் திருநாள் ஆறாம் நாள் வந்தது. சுண்ணாம்புச் சுவரின் முன்னால் மேடை போட்டிருந்தார்கள். சுவருக்கு எப்போதோ மஞ்சள் பூசிவிட்டிருந்தார்கள். தேன் ஒளியில் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. குழலி ஒரு பக்கமும் பக்கத்து வீட்டுப் பரிமளா ஒரு பக்கமும் தாங்க, தில்லையன் மேடை ஏறினான். பரிமளாவின் கணவனும் இரண்டு வாரமாகச் சோம்பேறிப் பட்டியலில் இருந்தான்.

பேரொளியார் எழுந்து, தம் வெள்ளிப்பூண் போட்ட டார்ச்சைத் தில்லையனின் கண்ணில் அடித்தார். 

"பாலைப் போன்ற வெண்மை," என்றார் அமைச்சர். "இந்தக் குடிமகனுக்கு ஒரு குறையுமில்லை. உழைப்பில் ஆர்வம் குறைந்திருக்கிறது. அரசு அதை மன்னிக்கிறது."

பால் என்ற சொல் குழலியின் காதில் எங்கோ இடித்தது. எங்கே என்று யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை. நான்கு நாள்தான் மிச்சம். முந்தானைக்குள்ளிருந்த டார்ச்சை எடுத்து, அமுக்கி, தலைக்கு மேல் உயர்த்திக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள்.

பத்தாயிரம் பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மஞ்சள் கண்கள் மஞ்சள் கண்களைப் பார்த்தன. மடியிலிருந்த குழந்தைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.  பிறகு குழலி டார்ச்சை அமைச்சர் பக்கம் திருப்ப, எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். அங்கே அமைச்சரின் கண்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

அந்த ஒரு கணத்தில் அந்த நாடு மாறியிருக்கலாம். பேரொளியார் ஓர் அடி பின்னால் நகர்ந்ததைக் குழலி கிட்டேயிருந்து பார்த்தாள். ஆனால் அவர் பழுத்த நிர்வாகி.

"பார்த்தீர்களா," என்றார் நிதானமாக. "இவ்வளவு நேரம் எல்லோரும் நலமாக இருந்தீர்கள். இந்த டார்ச் எரிந்ததும் மஞ்சளாகிவிட்டீர்கள்."

கூட்டம் அதை யோசித்தது. பயந்தவர்களுக்கு யோசிக்கச் சுலபமான விஷயமாக அது இருந்தது.

"அணை அதை," என்றது ஒரு குரல். அப்புறம் நூறு குரல். தில்லையனைத் தாங்கியிருந்த கையை எடுத்து, டார்ச்சை முதலில் பிடுங்கியவள் பரிமளாதான். அது கைமாறிக் கைமாறிக் கீழே போய், எங்கோ ஒரு காலுக்கடியில் நொறுங்கியது. தேன் ஒளி திரும்பியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் வெள்ளையானது. குழலியைச் சிறையிலடைக்க வேண்டியதில்லை என்று அமைச்சர் பெருந்தன்மையாகச் சொன்னார். அவள் வீட்டுக்கு மருந்தோ அரிசியோ கொடுக்கக் கூடாது என்று மட்டும் ஓர் ஆணை போட்டார்.

அன்று மாலை மணி அடிப்பதற்குள் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் வரிசை நின்றது. யாரும் காமாலை என்று சொல்லவில்லை. சோம்பலுக்கு ஏதாவது மருந்து இருக்குமா என்று கேட்டார்கள். அணை அணை என்று கத்தியவர்கள்தான். மருத்துவர் தலை நிமிராமல் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஐம்பது புட்டிகளும் தீர்ந்தன. சோம்பல் மருந்து என்று பதிவானது.

மறுநாள் காலை குழலியின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. நிறக்காவலர்கள் என்று நினைத்தே அவள் திறந்தாள். பரிமளா நின்றிருந்தாள். கையில் ஒரு புட்டி.

"எங்க வீட்டுக்காரருக்கு வாங்குனேன் அக்கா. நான் திரும்பி வர்றதுக்குள்ள அவரு..." புட்டியை நீட்டினாள். "உள்ள கொண்டுபோங்க. நான் கொடுத்தேன்னு சொல்லிடாதீங்க."

குழலி மருந்தைத் தம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து தில்லையனின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. தம்ளரை மெதுவாக அவள் பக்கம் தள்ளினான்.

"நீ குடி."

"எனக்கெதுக்குங்க? என் கண்ணு..."

சொல்ல வந்தவள் நின்றாள். கம்பளிக்குள் அவன் பார்த்துக்கொண்டே இருந்த நேரம் ஞாபகத்துக்கு வந்தது. அந்தச் சிரிப்பு. பால் என்ற அந்தச் சொல். கடந்த ஒரு வாரமாகத் தனக்கும் சோறு இறங்காததைக் கவலை என்றே அவள் நினைத்திருந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. என் கண்ணு எப்படி இருந்துச்சு?"

"பால் மாதிரிதான் இருந்துச்சு, குழலி."

"அப்ப இதை நீங்க குடிங்க."

அவன் குடிக்கவில்லை. அவளும் குடிக்கவில்லை. அவன் அவள் கண்ணைப் பார்த்தான். அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். இரண்டும் தங்கமாக இருந்தன. நாட்டில் உண்மையைச் சொல்லக்கூடிய டார்ச் ஒன்றுதான் இருந்தது, அதுவும் இல்லை. தம்ளர் இருவருக்கும் நடுவில் தரையில் இருந்தது. வெளியே ஒலிபெருக்கி வண்டி தெருத்தெருவாகப் போனது. இன்றைய நோயாளிகள் பூஜ்யம் என்றது.

அதை யார் குடித்தார்கள் என்று குடைமலை நாட்டுப் பதிவேடுகளில் இல்லை. ஒரு சோம்பேறி குறைந்தார் என்று மட்டும் இருக்கிறது.

அந்த நாட்டுக்காரர் ஒருவரை எங்காவது சந்தித்தால், உங்கள் ஊரில் வெளிச்சம் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளைதான் என்று சத்தியம் செய்வார். பொய் சொல்ல மாட்டார். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் வெளிச்சம் எப்படி என்று அவர் திருப்பிக் கேட்டால், நீங்களும் அதையேதான் சொல்வீர்கள்.