ஏகாம்பரம் ஜெயித்த அங்கீட்டி

இந்தக் குளிர்காலம் முழுக்க அங்கீட்டி படுக்கையறைக்குள்ளேதான் இருக்கும். யார் தடுத்தாலும் சரி.

2003 ஜனவரியில், டில்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பின் முதல் மாடியில், ஏகாம்பரம் இப்படி ஒரு சபதம் போட்டார். ஆபீசில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் கேட்பதில்லை. அதனால் சபதத்தைச் சத்தமாகவே போட்டார்.

அங்கீட்டி என்றால் கரி அடுப்பு. தகர வாளிக்குள் களிமண் பூசி, நடுவில் கம்பி வலை வைத்து, மேலே கரியைக் கொட்டிப் பற்றவைப்பது. டில்லியில் காவல்காரர்கள் அதைத் தெருவில் வைத்துக் குளிர் காய்வார்கள். ஏகாம்பரம் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக் காய்வார். ஜன்னலை மூடி, இடுக்கில் செய்தித்தாளை அடைத்து, கதவுக்குக் கீழே கோணியைத் திணித்துவிட்டுக் காய்வார். மதுரைக்காரர். டில்லிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. உடம்பு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

"என்னங்க, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்க. மது தினமும் தலைவலிங்கிறா" என்றாள் மனைவி இந்திராணி.

"படிக்கச் சொன்னா எல்லாப் பிள்ளைக்கும் தலை வலிக்கத்தான் செய்யும்."

"எனக்கும் வலிக்குதே. நான் என்ன பரீட்சையா எழுதறேன்?"

பன்னிரண்டாம் வகுப்பு மதுமதி புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். "அப்பா, சச்சி, நிஜமாவே தலை சுத்துது. எழுத்தெல்லாம் டபுளா தெரியுது."

"ரெண்டு தடவை படிச்ச மாதிரி ஆச்சுல்ல? படி."

அந்த வாரம்தான் இந்திராணியின் தம்பி கௌதமன் கனடாவிலிருந்து லீவில் வந்தான். மூடிய அறையில் கரியைப் பார்த்தான். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான். பெட்டிக்குள்ளிருந்து உள்ளங்கை அகலத்தில் வெள்ளையாக ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். கார்பன் மோனாக்சைடு அலாரம்.

"எனக்கு எதுக்கு இது?" என்றார் ஏகாம்பரம். "நாலாவது வீட்டுல கருவாடு வறுத்தா இங்க இருந்தே சொல்லிருவேன். என் மூக்கை விடவா உன் தம்பி மிஷின்?"

"இந்த வாயுவுக்கு வாசனையே கிடையாதாம். புகை இல்லாட்டியும் இருக்குமாம். தூங்கறவங்க தூங்கினபடியே போயிருவாங்களாம்."

"கனடாவுல போவாங்க. அங்க எல்லாரும் நோஞ்சான்."

இந்திராணி மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அலாரத்தோடு வந்த சின்னப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தாள். திரைக்குப் பின்னால் மாட்டக் கூடாது என்று போட்டிருந்தது. மாட்டவில்லை. படுக்கையறைச் சுவரில், தலையணை உயரத்தில் மாட்டினாள். சோதனைப் பொத்தானை அழுத்தினாள். அது பீங் என்று கத்தியது. ஏகாம்பரம் தூக்கிவாரிப் போட்டதில் காபியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அங்கீட்டி உள்ளே வந்தது. இருபத்தைந்தாவது நிமிஷம் அலாரம் அலறியது. நாலு கத்து, ஒரு மூச்சு. மறுபடி நாலு கத்து.

"அப்பா, ஜல்தி! வெளிய வாங்க!"

இந்திராணி மகளைத் தள்ளிக்கொண்டு, கணவரைப் போர்வையோடு இழுத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே ஓடினாள். மாடிப்படியில் மூன்று பேரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். மேல்வீட்டுச் செல்வராஜ் துண்டோடு இறங்கி வந்தார்.

"என்ன மதினி, கொள்ளையா?"

"இல்ல தம்பி. உங்க அண்ணன் குளிர் காயறாரு."

சூடு ஆறியபின் வீட்டுக்குள் பஞ்சாயத்து நடந்தது. அலாரம் கெட்டுப்போனது, டில்லிக் காற்று அதற்குப் பழக்கமில்லை, மச்சினன் வேண்டுமென்றே கத்துகிற மாதிரி வாங்கியிருக்கிறான் என்றெல்லாம் ஏகாம்பரம் வாதாடினார்.

"சரிங்க. ஒரு வாரம் பார்ப்போம்" என்றாள் இந்திராணி. "இன்னொரு தடவை அலறினா அங்கீட்டி கபாடிக்காரனுக்கு, பழைய இரும்பு விலைக்கு."

"ஒரு வாரம் அலறாட்டி?"

"ஆயுசுக்கும் இந்த ரூமை விட்டு வெளிய போகாது. நான் வாயே திறக்க மாட்டேன்."

ஏகாம்பரம் மறுநாளே வேலையை முடித்தார். இந்திராணி காய் வாங்கப் போன நேரம். நல்ல தடிமனான பிளாஸ்டிக் கவர் ஒன்று. அலாரத்தை அதற்குள் போட்டு, வாயை முறுக்கி, மேலே இரண்டு ரப்பர் பேண்ட். காற்றே போகாது. காற்று போகாத இடத்தில் வாயு எப்படிப் போகும்? இப்படி ஒரு மூளை சர்க்கார் ஆபீசில் வீணாகிறதே என்று அவருக்கே வருத்தமாக இருந்தது.

இந்திராணி பார்த்தாள். "இது என்ன கோலம்?"

"தூசி படும்ல? டிவி ரிமோட்டுக்குக் கவர் இருக்கு. போனுக்குக் கவர் இருக்கு. ஸ்கூட்டர் சீட்டுல வாங்கின அன்னிக்குப் போட்ட கவர் இன்னும் இருக்கு. உன் தம்பி கொடுத்த பொருளை மட்டும் நான் அம்மணமா விடுவேனா?"

இந்திராணி கவரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "அதுவும் சரிதான்" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

இந்திராணி இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டால் எந்தப் புருஷனும் பயப்பட வேண்டும். ஏகாம்பரம் விசில் அடித்தார்.

சாயங்காலம் பால்கனியிலிருந்து அவளே அங்கீட்டியைத் தூக்கி வந்தாள். "நீங்க எந்திரிக்காதீங்க. நானே வைக்கிறேன். புதுக் கரி, பொறி தெறிக்கும். நாலடி தள்ளியே உட்காருங்க."

உட்கார்ந்தார். இரண்டு ஸ்வெட்டர், மப்ளர், மங்கி குல்லா, அதற்கு மேல் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை. மடியில் வெந்நீர்ப் பை. கண்ணாடியில் ஆவி படியும் என்று அதையும் கழற்றி வைத்துவிட்டார். கரி செக்கச்சிவந்து தெரிந்தது. நடு நடுவே மங்கும். திரும்பப் பிடிக்கும்.

"பாத்தியா இந்திரா? அணையற மாதிரி போயி மறுபடி பத்துது. இதுதான் சாதிக் கரி. புகையே இல்லை பாரு."

"ஆமாங்க."

"சூடு எப்படி இறங்குது? எலும்புக்குள்ள போகுது."

மதுமதி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். படிப்பில் இவ்வளவு ஆர்வமா என்று தகப்பனார் பூரித்தார்.

இரண்டாம் நாள் அலாரம் அலறவில்லை. நாலாம் நாளும் இல்லை. ஐந்தாம் நாள் மது, "தலைவலி போயிருச்சுப்பா" என்றாள்.

"அங்கீட்டி உள்ள இருந்தா தலைவலியே வராது. அப்பா சொன்னேன்ல?"

ஆபீசில் ஒருத்தர் விடாமல் சொன்னார். மூக்குக்கும் மிஷினுக்கும் நடந்த போரில் மூக்கு ஜெயித்த கதையை நாள்தோறும் கொஞ்சம் நீட்டினார். எதிர்சீட்டு ஜோதிலிங்கம் ஐந்தாம் நாளில் அங்கீட்டி வாங்கவே கிளம்பிவிட்டார்.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. வெளியே பனிமூட்டத்தில் அப்போதே இருட்டு. வெற்றியைப் பார்க்க ஒரு சாட்சி வேண்டும் அல்லவா? செல்வராஜைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சூடாக பஜ்ஜி வந்தது. அங்கீட்டி கனன்றுகொண்டிருந்தது.

"செல்வராஜ், ஏழு நாள். ஒரு சத்தம்? ஒரு முனகல்? உங்க மதினி வாக்குக் கொடுத்திருக்கா. இனிமே ஆயுசுக்கும் இது இந்த ரூமை விட்டு—"

கரண்ட் போனது.

லைட் அணைந்தது. டிவி அணைந்தது. அங்கீட்டியும் அணைந்தது.

"அண்ணே," இருட்டில் செல்வராஜின் குரல் கேட்டது, "கரண்ட் போனா கரி எப்படிண்ணே அணையும்?"

இந்திராணி மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஏகாம்பரம் தடுமாறிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கரிக்கு நடுவே நெளிந்து கிடந்தது, நவராத்திரிக் கொலுவுக்குப் போடுகிற சிவப்பு சீரியல் லைட். ஒயர் வாளியின் சாம்பல் ஓட்டை வழியாக இறங்கி, ஜமக்காளத்துக்கு அடியில் நுழைந்து, பிளக் வரை போனது.

"எத்தனை நாளா?"

"நீங்க கவர் போட்ட அன்னியிலருந்து. அந்த மிஷினோட மூச்சை அடைச்சிட்டீங்க. எங்க மூச்சையும் அடைக்க விடுவேனா?"

"ஏழு நாளா நான் சீரியல் லைட்டுலயா காய்ஞ்சேன்?"

"எலும்புக்குள்ள போச்சுன்னீங்களே அப்பா!" என்றாள் மது.

செல்வராஜ் பஜ்ஜி புரையேறி இருமினார். ஏகாம்பரம் மங்கி குல்லாவைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி. கபாடிக்காரனுக்கே போட்டுரு."

"அதெப்படிங்க? அலாரம் அலறவே இல்லையே. நீங்கதான் ஜெயிச்சீங்க. கொடுத்த வாக்கு வாக்குதான். இதே அங்கீட்டி, இதே மாதிரி, ஆயுசுக்கும் இங்கயே இருக்கும்." இந்திராணி சுவரருகே போய் ரப்பர் பேண்டுகளை உருவி, கவரைக் கழற்றி, பொத்தானை அழுத்திப் பார்த்தாள். பீங் என்றது. ஜன்னல் இடுக்குச் செய்தித்தாளையும் உருவிப் போட்டாள்.

அப்போது கரண்ட் வந்தது. கரி தானாகச் சிவந்தது.

ஏகாம்பரத்தின் இரண்டு கைகளும், அவரை ஒரு வார்த்தை கேட்காமல், காய்வதற்கு நீண்டன.