செவிப்பறை அசையாதபோது சொன்ன ‘செரிங்க’

சேசு மரி சூசை துணை

சூரமங்கலம், சேலம்
ஆகஸ்ட் 1966

அன்பும் மரியாதையும் மிகுந்த ஆத்தூர் சம்பந்தி சவரிராயன் அவர்களுக்கு, பெண்ணைப் பெற்ற லாசர் வணக்கமாய் எழுதிக்கொள்வது. இவ்விடம் என் இரண்டு காதுகள் நீங்கலாக அனைவரும் சுகம். தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் தங்கள் ஜவ்வரிசி ஆலையும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நிற்க. தங்கள் கார்டு கிடைத்தது. வேளாங்கண்ணி மாதாவுக்குத் தாங்கள் நேர்ந்துகொண்டபடி கல்யாணப் பந்தியில் கறி கிடையாது, சாம்பார்தான், அதற்கு நிச்சயதார்த்தத்தன்றே நான் முழுமனதாய்ச் சம்மதித்ததை நினைத்தால் தங்களுக்கு மெய்சிலிர்க்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் சிலிர்த்தது. சம்பந்தி, நான் பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழிப்பவன். என் பக்கத்து ஜனம் முழுக்க டிரைவர்களும் கண்டக்டர்களும். பிரியாணி வரும் என்ற நம்பிக்கையில்தான் பூசை முடியும்வரை கோயிலுக்குள் நிற்பார்கள். அவர்கள் இலையில் கத்தரிக்காய்ச் சாம்பாரை ஊற்றிவிட்டு மறுநாள் நான் எந்த முகத்தோடு ஸ்டாண்டுக்குப் போவேன்?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நிச்சயதார்த்தத்துக்கு முன்பு பிடித்த ஜலதோஷம் மூக்கை விட்டுக் காதுக்குக் குடிபோய்விட்டது. அன்று தங்கள் வாய் அசைந்தது தெரிந்தது, வார்த்தை வந்து சேரவில்லை. எனக்குப் பிறந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்த்து ‘என்ன சொன்னீங்க’ என்று இரண்டாந்தரம் கேட்பது எங்களுக்கு அவரைக் கைநீட்டி அடித்ததற்குச் சமானம். ஆகையால் தாங்கள் நிறுத்திய இடத்திலெல்லாம் ‘செரிங்க’ என்றேன், கொஞ்சம் நீட்டி நிறுத்தினால் ‘ஆகட்டுங்க’ என்றேன். தாங்கள் மேலும் மேலும் மலர்ந்தீர்கள். நானும் என்னவோ பிரமாதமாய்ப் பேசுகிறேன் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு போயிற்றா என்றால் இல்லை. மறுவாரம் அத்தாயி என்ற ஒரு அம்மாள் கோழிக்கூடையோடு என் டிக்கெட் ஜன்னலுக்கு வந்து ஊரைச் சொன்னார். நானும் மரியாதையாய்க் கூடையை வாங்கி வண்டியில் வைத்து ஏற்றி அனுப்பினேன். சாயங்காலம் அதே கூடையோடு திரும்பி வந்து என் ஜன்னலில் முகத்தை நுழைத்துக் கத்தினார்: “ஏஞ்சாமி, நான் ஆத்தூருன்னு சொன்னா நீங்க மேட்டூரு வண்டியில ஏத்தி உட்டுட்டீங்களே! மவ ஊட்டுக்குப் போகோணும்னு வந்தவ, டேமைப் பாத்துட்டு வாரேன்.” முதலாளிக்கும் கேட்டுவிட்டது. காதைக் காட்டிவிட்டு வேலைக்கு வந்தால் போதும் என்றார்.

என் மகள் இன்னாசிமேரி நர்ஸாக இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கே போனேன். கல்யாணமானதும் இந்த வேலையை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லிச் சொல்லி, அவள் என்னோடு முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தது தங்களுக்குத் தெரிந்திருக்கும். நிச்சயமான நாளிலிருந்து சிரித்த முகமாய்க் காப்பி கொண்டுவந்து வைக்கிறாள். கல்யாணக் களை வந்துவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன். அங்கே டாக்டர் சிஸ்டர் சீமையிலிருந்து புதிதாக ஒரு கருவி வரவழைத்திருக்கிறார். ஒரு பெட்டி, அதில் ஊசி ஆடும் முகப்பு, பெட்டியிலிருந்து ரப்பர் குழாய், குழாயின் முனையில் ஒரு மெத்தென்ற அடைப்பான். அதைக் காதில் காற்றுப் புகாமல் செருகி ஒரு ரீங்காரத்தை விட்டு, உள்ளே காற்றை ஏற்றி இறக்குகிறார்கள். நல்ல செவிப்பறை அதற்கு இசைந்து கொடுக்குமாம், ஊசி நகருமாம். எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? காதில் அழுத்தும்போதெல்லாம் பரீட்சை என்று நினைத்து “கேக்குதுங்க சிஸ்டர், செரிங்க சிஸ்டர்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஊசி தறிகெட்டுக் குதித்தது. மகள் என் காதோரம் வந்து கத்தினாள்: “அப்பா, அது உங்களை ஒண்ணுமே கேக்கலீங்க! வாயத் தொறக்காம, எச்சி முழுங்காம சும்மா உக்காருங்க, போதும்.”

சும்மா உட்கார்ந்தேன். ஊசியும் சும்மா இருந்தது. காற்றை ஏற்றினாலும் இறக்கினாலும் என் செவிப்பறை அசையவில்லை. அதன் பின்னால் நீர் கோத்திருக்கிறது, மருந்தில் வடிந்துவிடும் என்றார் சிஸ்டர். இரண்டு காதுக்கும் ஊசி நின்ற இடத்தை இன்னாசிமேரிதான் தன் கையால் குறித்துக்கொண்டாள். சம்பந்தி, நான் வாயைத் திறக்காமலே எனக்காக உண்மை பேசிய பெட்டி அது. ஆகையால் அன்று நான் சொன்ன செரிங்க, ஆகட்டுங்க எதுவும் செல்லாது. பந்தி விஷயத்தை முதலிலிருந்து பேசுவோம்.

சம்பந்தியம்மாளுக்கு என் சம்சாரம் ஆரோக்கியத்தின் அன்பு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். பங்குச் சாமியாருக்கு எங்கள் தோத்திரம் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் லாசர்

பின்குறிப்பு: பிழை பார்க்க இன்னாசிமேரியை என் காதருகே உட்கார்த்தி உரக்கப் படிக்கச் சொன்னேன். ‘எதுவும் செல்லாது’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். பிறகு கேட்டாள்: “அன்னைக்கு நிச்சயத்துல மாமா, ‘கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணு நர்ஸ் வேலைக்குப் போகட்டும், ஆத்தூர்லயே பாத்துக்கலாம்’னாரு. நீங்க ஒடனே ஆகட்டுங்கன்னீங்க. அதுவும் உங்களுக்குக் கேக்கலீங்களாப்பா?” அடுப்படியிலிருந்து ஆரோக்கியம் எட்டிப் பார்த்தாள். இத்தனை நாள் காப்பியோடு வந்த சிரிப்பு எதற்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. “கேட்டுச்சு சாமி. அது மட்டும் நல்லாவே கேட்டுச்சு” என்றேன். நான் சொல்வது பொய் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

வீட்டில் வேறு இன்லண்டுக் கடுதாசி இல்லாததால் இதையே அனுப்புகிறேன். மேலே எழுதியதைப் படித்திருந்தால் மறந்துவிடவும். அன்று சொன்னது அத்தனையும், சாம்பார் உட்பட, காது கேட்டுச் சொன்னதாகவே இருக்கட்டும். என் மகள் வேலைக்குப் போகட்டும், சம்பந்தி. இதை இன்று நான் யோசித்துச் சொல்கிறேன். டிரைவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.