இந்த மாதம் கேஸே இல்லை, மச்சான்

மரியாதைக்குரிய மச்சான் மருதுபாண்டி அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் ஏட்டு தவசி வணங்கி எழுதுவது. இங்கே நானும் ஸ்டேஷனும் ஸ்டேஷன் வேப்பமரத்துக் காக்கைகளும் நலம். அங்கே அக்கா கனகலட்சுமி, பாப்பா, மாடு கன்று எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போன் போட்டால் என் பெயரைப் பார்த்ததும் கட் பண்ணிவிடுகிறீர்கள். அதனால் பாலவனத்தம் பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழியுங்கள்.

வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்; பிள்ளை உட்கார வேண்டியது என் மடியில். ஏற்கெனவே இரண்டு முறை தேதி குறித்தும் திருவிழா பந்தோபஸ்து, மந்திரி வருகை என்று நான் வராமல் போனேன். இந்தத் தடவையும் வராவிட்டால் சித்தப்பா மகன் சுப்புராஜ் மடியில் உட்கார வைத்துக் குத்திவிடுவோம் என்று அக்கா சொல்லியனுப்பியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளையை முதலில் கையில் வாங்கியவன் நான், மச்சான்.

லீவு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் சிரிப்பீர்கள். இந்த மாதம் எங்கள் சரகத்தில் குற்றமே நடக்கவில்லை. எங்கள் எஸ்.ஐ. சௌந்தரபாண்டியன் அய்யா, "மாசக் கூட்டத்துல ஒரு கேஸுமில்லைன்னு போயி நின்னா, ஸ்டேஷன்ல படுத்துத் தூங்குறீகளான்னு கேப்பாக. ஒரு மனுவாச்சும் வாங்கி முடிச்சுக் காட்டும், பெறகு லீவு" என்று சொல்லிவிட்டார். சரி, ஹெல்மெட் கேஸாவது பிடிப்போம் என்று நரிக்குடி ரோட்டில் வெயிலில் போய் நின்றால், சேதி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. வந்தவர்கள் அத்தனை பேரும் பைக்கை விட்டு இறங்கி, என்னைக் கடக்கும்வரை உருட்டிக்கொண்டே போனார்கள். கேட்டால், "உருட்டுறதுக்கு எதுக்கு ஹெல்மெட்டு, ஏட்டய்யா?" ஒருவன் மேடு ஏறவில்லை, கொஞ்சம் தள்ளுங்கள் என்றான். தள்ளிவிட்டேன். அப்புறம் கருத்தம்மாள் ஆட்டைக் காணோம் என்று அழுதுகொண்டு வந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, மனு எழுதி, கையெழுத்து வாங்கப் போகும்போது பின்பக்கம் சத்தம். நாங்கள் பிடித்துவைத்திருந்த பைக்கின் சீட்டைத் தின்றுகொண்டு அந்த ஆடு நிற்கிறது. கேஸ் போட்டால் ஆடு திருடியது ஸ்டேஷன் என்று ஆகும். "ஏத்தா, ஓட்டிட்டுப் போ" என்று நானே கும்பிட்டு அனுப்பினேன்.

ஆகவே மச்சான், அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். என்னுடைய பழைய காக்கிச் சட்டை ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். அதை விரித்துப் பாப்பாவை உட்கார வையுங்கள். சுப்புராஜ் மடி மட்டும் வேண்டாம்.

பாப்பாவின் காது புண்ணாகாமல் ஆறி, தொங்கட்டான் போட்டு ஆட வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்ளும்,
தவசி.

பின்குறிப்பு: கடிதத்தோடு பஸ்ஸுக்கு நின்றேன். பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கியது, இடுப்பில் பாப்பா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக ஸ்டேஷனுக்குள் எஸ்.ஐ. அய்யா முன்னால் போய், "ஏந்தம்பியக் காணலைய்யா. போன ஆடிக்கு வந்தவன், பெறகு வரவே இல்லை. கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று மனுவை நீட்டியது. அடையாளம் என்ற இடத்தில் காக்கி உடுப்பு, முன்தொப்பை என்று எழுதியிருந்தது. அய்யா படித்துவிட்டு, "யோவ் தவசி, மாசத்துக்கு மனு வந்துருச்சு. காணாமப் போன ஆளை நீரே பிடிச்சு, வெள்ளிக்கிழமை அந்தம்மாட்ட ஒப்படைச்சு, கையெழுத்து வாங்கிட்டு வாரும்" என்றார். அதனால் மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். இதை அக்கா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். சட்டையை அனுப்பவில்லை, ஆளே வாரேன். சுப்புராஜை எழுந்திருக்கச் சொல்லுங்கள்.