நார்மனைப் பார்க்க வந்த பெண்ணுக்குப் பாயசம் கொடுத்தது பற்றி

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.

லண்டனில் இருக்கும் என் தம்பி மகன் சிரஞ்சீவி அருண்பிரசாத்துக்கு, பெரியப்பா அப்பாசாமி ஆசீர்வதித்து எழுதுவது. அண்ணாமலையார் தயவில் இங்கே எனக்கு முழங்கால் வலியையும் உன் பெரியம்மாவுக்கு என்னையும் தவிர வேறு தொந்தரவு இல்லை. அங்கே உன் மனைவி மணிமொழியும் குழந்தையும் குளிருக்குத் தாக்குப்பிடித்துச் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் என்னைப் பேச விடவில்லை. "எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களே பெரியப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன், நாளிதழைப் படித்துப் படித்தே எழுதக் கற்றவன். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டதில்லை. இதை இங்கிலீஷில் மாற்றி அந்தத் தர்ம ஸ்தாபனத்தாரிடம் கொடு. ஒரு வரியும் விடக்கூடாது.

அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் ஆரம்பத்திலிருந்து வருகிறேன். நம் வீட்டு மாடியறையில் பத்து வருஷத்துக்கு மேல் குடியிருக்கும் நார்மன் இங்கிலாந்துக்காரர். ஆசிரமத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், போவதை மறந்துவிட்டார். அவர் சேமிப்பைப் போட்டு வைத்திருந்த கம்பெனி அங்கே மூழ்கியது. அடுத்த மழைக்கு அவர் இங்கே மாடிப்படியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் செய்து புது மூட்டு வைத்தால் நடப்பார், இல்லாவிட்டால் கடைசி வரைக்கும் மாடியை விட்டு இறங்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் ஆட்டோவில் போய் விசாரித்தேன். வெளிநாட்டுக்காரருக்கு நம் காப்பீட்டு அட்டை கிடையாதாம். கீழ்பென்னாத்தூர் நிலத்தை அடமானம் வைக்கிறேன் என்றதற்கு, "நீங்க வச்சீங்கன்னா இப்பவே இன்னொருவாட்டி உருண்டு விழுந்துடுவேன்" என்று நார்மன் மிரட்டினார். அந்தச் சமயத்தில்தான் நீ, வெளிநாட்டில் போய்க் கஷ்டப்படும் தங்கள் நாட்டுக்காரர்களுக்கு உதவுகிற ஸ்தாபனம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னாய். அதற்கு நன்றி. அதோடு நன்றி முடிந்தது.

சென்னையிலிருந்து ஆர்த்தி என்ற பெண் நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுதுவார் என்றாய். "வீடு எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும், ஒண்ணும் செய்யாதீங்க" என்றும் சொன்னாய். எந்த விருந்தாளிதான் அப்படிச் சொல்லாமல் வருகிறார்? உன் பெரியம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது நானும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்பினேன். சொன்னபடி அவர்கள் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால் அப்படியே எழுந்து வந்திருப்பேன். ஆகவே மாடியறைக்கு வெள்ளையடித்தேன். பக்கத்தில் தங்கும் விடுதி வைத்திருக்கும் குமரேசன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணே, வெளியூரு ஆளு வர்றப்போ சாரு இந்தக் கயித்துக் கட்டில்லயா படுத்துனு இருப்பாரு? தெருவுக்கே அசிங்கம்" என்று தன் விடுதியிலிருந்து தேக்குக் கட்டில், மெத்தை, திரைச்சீலை, ஏர்கூலர் எல்லாம் அனுப்பினான். நார்மன் பிடித்து நடக்கும் வாக்கரின் ஒரு கால் துருப்பிடித்துத் துணி சுற்றியிருந்தது. உன் பெரியம்மா கன்னியம்மாள், "ஏங்க, இத்த மொதல்ல மொட்டமாடில போடுங்க, பாக்கவே ஒரு மாதிரியா கீது" என்றாள். போட்டேன். நார்மனுக்குச் சவரம் செய்வித்து, என் மகன் கல்யாணத்துக்கு எடுத்த ஜரிகை வேட்டியைக் கட்டி, கட்டிலில் சாய்த்து உட்கார வைத்தோம். தெருவில் நாலு வீட்டார் ஆளுக்கொரு தட்டில் பழம் கொண்டுவந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை.

அந்தப் பெண் வந்தது, நல்ல மரியாதையான பெண். நார்மனிடம் இங்கிலீஷில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டது. நார்மன் டீக்கடையில் தமிழ் கற்றவர். "நல்லா கீறேம்மா. நீங்க சாப்டீங்களா?" என்றார். ஏதாவது குறை இருக்கிறதா என்று மறுபடி கேட்டதற்கு, "ஒரு கொறையும் இல்ல. இவங்க கீறாங்களே" என்று எங்களைக் காட்டினார். வீட்டுக்கு வந்தவரிடம் உட்கார வைத்த உடனே குறையைச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. இங்கே இருந்து அவ்வளவாவது கற்றிருக்கிறார். பிறகு அந்தப் பெண் என்னைப் பார்த்து, "இவரோட செலவெல்லாம் யாருங்கய்யா பாத்துக்கறாங்க?" என்றது. நாலு வீட்டார் பழத்தட்டோடு நிற்கிறார்கள். நான் என்ன சொல்வேன்? "இன்னாம்மா இப்படிக் கேட்டுட்ட, எங்க வீட்டு மனுஷன், நாங்க பாத்துக்க மாட்டமா?" என்றேன். பெண் எழுதிக்கொண்டது. வடை, பாயசத்தோடு சாப்பிட்டது, பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கியது, கட்டிலருகே நின்று நார்மனோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனது. விண்ணப்பதாரர் வசதியான அறையில், அன்பான குடும்பத்தாரின் பராமரிப்பில், மனநிறைவோடு வாழ்கிறார், உதவி தேவையில்லை என்று அறிக்கை கொடுத்திருக்கிறது.

இதில் என் தவறு எது என்று நீயே சொல். மெத்தையைப் பார்த்த பெண்ணுக்கு, அதன் மேல் உட்கார்ந்திருந்தவர் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை என்பது கண்ணில் படவில்லையா? சென்னையில் பிறந்த பெண்ணுக்கு வடை பாயசம் எதற்காகச் செய்வார்கள் என்று தெரியாதா? தினமும் யார் வீட்டிலாவது அப்படியா சாப்பிடுகிறார்கள்? கீழே தெருமுனை டீக்கடைக்குப் போய் ஒரு டீ குடிக்க வேண்டும் என்பதைத் தவிர நார்மன் எங்களிடம் எதுவும் கேட்டதில்லை. அதற்கு வழியில்லாமல் மழைக்காலத்திலிருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். ஆகவே அந்த அறிக்கையை ரத்து செய்து, நார்மனுக்குப் பெரிய குறை இருக்கிறது, இந்த வீட்டாரால் சமாளிக்க முடியவில்லை என்று திருத்தி எழுதச் சொல். இனிமேல் யாரையும் அனுப்ப வேண்டாம். அப்பாசாமியின் வார்த்தை போதும். வார்த்தையை நம்பாத இடத்திலிருந்து தர்மம் வாங்க எனக்கும் இஷ்டமில்லை, ஆனால் இடுப்பு என்னுடையது இல்லையே என்று பொறுத்துக்கொள்கிறேன்.

உன் வேலையில் மேன்மேலும் உயர்ந்து, குழந்தைக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து, கிழவன் சொன்னால் காரணம் இருக்கும் என்ற புத்தியோடு நீ நூறாண்டு வாழ வேண்டும்.

உன் பெரியப்பா,
அப்பாசாமி

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள், நீ மறுபரிசீலனை கேட்டிருந்ததால் ஸ்தாபனத்திலிருந்து வெள்ளைக்காரர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நேற்று மத்தியானம் வந்து நின்றார். உன் பெரியம்மா கீழ்பென்னாத்தூருக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போயிருந்தாள். குமரேசன் கட்டிலையும் மெத்தையையும் எப்போதோ எடுத்துப் போய்விட்டான். கரண்ட் இல்லை. நானும் நார்மனும் சட்டையில்லாமல் மாடியறைத் தரையில் உட்கார்ந்து பழைய சோறும் வெங்காயமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நார்மன் வழக்கம்போல் "நல்லா கீறேங்க" என்று சொல்லி, வந்தவருக்கு மரியாதையாக எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் என் தோளில் சாய்ந்தார். இன்று காலை போன் வந்தது. ஆபரேஷன் செலவு முழுதும் அவர்களுடையதாம். நார்மன் அழுதார், நானும் பக்கத்தில் இருந்தேன். ஆனால் வந்தவர், நார்மன் மிகவும் பரிதாபமான நிலையில், வசதியற்ற வீட்டில் வாழ்கிறார் என்று எழுதியிருக்கிறாராம். மேலே நான் சொன்னதையெல்லாம் அடித்துவிடு. அந்த வரியை உடனே எடுக்கச் சொல். நார்மனுக்கு இந்த வீட்டில் ஒரு குறையும் கிடையாது. ஆபரேஷன் நடக்கட்டும், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் அந்த மனுஷன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போயிருக்கிறார். இன்னொரு தடவை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல். முன்கூட்டியே சொல்லிவிட்டு.