குணாளன் வழங்கும் விசா

விசா விஷயத்துக்கென்று அரசாங்கம் ஆபீஸ் வைத்திருக்கிறது, ஆபீசுக்கு வெப்சைட் இருக்கிறது, வெப்சைட்டின் அடியில் போன் நம்பரும் இருக்கிறது. இவற்றில் ஒன்றைக்கூட எட்டிப் பார்க்காமல் எல்லாவற்றையும் அறிந்துவைத்திருக்கும் ஒரு பிறவியை நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் காலை ஒன்பது மணிக்கு மேல் காணலாம். ஓசி விசா ஆலோசகர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஆண்களில் இந்த இனம் அதிகம். பெண்களில் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மலேசியாவின் ஜோகூரில், தம்போயில் சிக்கந்தர் கடைக்குப் போனால், காற்றாடிக்கு நேர் கீழே இருக்கும் மேசை குணாளனுடையது. உங்கள் பாஸ்போர்ட்டை அவரிடம் நீட்டிப் பாருங்கள். விரலை எச்சில் தொட்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதைப்போலப் பார்த்து, கண்ணை மூடி, நுரை ததும்பும் தே தாரிக் டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது பேசிக் லா" என்பார். அவருக்குப் பேசிக் அல்லாத கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. தாய்லாந்தில் நீண்டகாலம் தங்கும் விசாவில் அவர் தனி நிபுணர். அந்த விசா அவரிடம் உண்டா? கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்லாந்து நகரமான ஹாட்யாய்க்கு நான்கு முறை டூர் பஸ்ஸில் போயிருக்கிறார். அதில் ஒரு முறை பஸ்ஸைவிட்டு இறங்காமல் தூங்கிவிட்டார்.

அந்த விசாவை உண்மையிலேயே கையில் வைத்திருந்தவர் சபாபதி. சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். தம்போய் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, மனைவி ராஜம்மாளோடு ஹாட்யாயில் ஒரு சின்ன வீடு பிடித்துக் குடியேறினார். ராஜம்மாள் ஆறே மாதத்தில் சந்தைக்காரிகளிடம் தாய் மொழியில் பேரம் பேசக் கற்றுக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அவர் பார்த்ததே இல்லை. அந்த வீட்டுக்காகவே, வருடா வருடம் விசாவை நீட்டித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தார்.

அப்போதுதான் குணாளனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. வருடத்தில் நூற்றெண்பது நாள் தாய்லாந்தில் தங்கிவிட்டால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் பணத்துக்கு வரி என்றது அது. சபாபதி பயந்துபோய் அதை மூன்று முறை போட்டுப் பார்த்தார். விசா எடுத்துக் கொடுத்த ஏஜெண்டைக் கேட்கலாம். ஆனால் ஏஜெண்ட் காசு கேட்பார்; குணாளனுக்கு போன் போட்டாலே போதும்.

குணாளன் போனை ஸ்பீக்கரில் போட்டார். ஆலோசனையைக் கடை முழுக்கக் கேட்க வேண்டாமா?

"நூத்தி எழுபத்தொம்பதாவது நாள் கிளம்பி வந்துடுங்கண்ணே. இங்க ரெண்டு நாள் படுத்துட்டுத் திரும்பிப் போங்க. கணக்கு பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும்."

"விசாவுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"அலமாக்! நீங்களும் நானும் இருபத்தாறு வருஷம் பாலத்துல போய் வந்தவங்க. போனா ஒரு சாப்பு, வந்தா ஒரு சாப்பு. உலகத்துல எல்லா இமிகிரேஷனும் அதுதான் லா."

சபாபதி சரணடைந்த இடம் இதுதான். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போய், பொழுது சாய்ந்து அதே பாலத்தில் திரும்பி வரும் ஜோகூர்க்காரனுக்கு எல்லை என்றால் ஒரு கவுண்டர், சாப்பு என்கிற ஒரு முத்திரை, அவ்வளவுதான். அவனுக்கு யார் இமிகிரேஷன் சொல்லித்தருவது? நூற்றெழுபத்தொன்பதாம் நாள் சபாபதி மனைவியோடு பஸ் ஏறினார். இரண்டு நாள் ஜோகூரில் மகன் வீட்டில் தங்கினார். பிறகு நிம்மதியாகத் திரும்பினார்.

தாய்லாந்துப் பக்கத்து சடாவ் எல்லையில் அதிகாரி பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, ரீ-எண்ட்ரி பர்மிட் எங்கே என்று கேட்டார். தாய்லாந்தைவிட்டு வெளியேறுமுன் வாங்கியிருக்க வேண்டிய அனுமதி அது. வாங்காமல் வெளியே வந்தால் விசா அதோடு ரத்து. அதிகாரி சுற்றுலாப் பயணிக்கான முத்திரையைக் குத்தி நீட்டினார்.

"வீட்டுச் சாவி என் கையில இருக்கு," என்றாள் ராஜம்மாள். "என்னைப் பார்த்து டூரிஸ்ட்னு சொல்றான். நீங்க யாரைக் கேட்டுட்டு வந்தீங்க?"

சபாபதி குணாளன் பெயரைச் சொன்னார்.

ஹாட்யாய் போய்ச் சேர்ந்த மறுநாள் முதல் வேலையாக ஒரு கணக்காளரிடம் போனார்கள். அந்தப் பெண் காகிதங்களைப் பார்த்தாள். நாட்களை வருடம் முழுக்கச் சேர்த்துத்தான் எண்ணுவார்கள், வெளியே போய் வந்தால் பூஜ்யமாகாது என்றாள். இவர் கொண்டுவந்த பணமோ புது வரிவிதி வருவதற்குப் பல வருடம் முந்தைய சேமிப்பு. அதற்கு வரியே கிடையாது, விதி வந்தபின் சம்பாதிக்கும் பணத்துக்குத்தான் வரி என்றும் சொன்னாள். ஆக, இல்லாத வரிக்குப் பயந்து இருந்த விசாவைத் தொலைத்தாயிற்று. மனுவை முதலிலிருந்து போட வேண்டும். அதற்கான காகிதங்களைத் திரட்ட இருவரும் ஜோகூருக்கே திரும்பி, மகன் வீட்டு ஹாலில் மெத்தை விரித்தார்கள். எனக்கு ராஜம்மாளை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

சபாபதி நேராகச் சிக்கந்தர் கடைக்குப் போனார். வழியெல்லாம் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"பர்மிட் எடுக்காததால விசா போச்சு குணா."

குணாளன் கண்ணை மூடித் திறந்தார். "பேசிக் ஆச்சே லா! அதை எடுக்காமலா வந்தீங்க?"

தயார் செய்த நாலு வார்த்தையும் சபாபதிக்கு மறந்துபோயிற்று. கல்லாவில் இருந்த சிக்கந்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சில்லறையை எண்ணினார்.

அடுத்த வாரம் அதே கடையில் சபாபதி தனி மேசையில் உட்கார்ந்திருந்தார். யோங் பெங்கிலிருந்து ஐயாசாமி என்பவர் தேடி வந்திருந்தார். மாதாமாதம் பென்ஷன் வாங்குகிறவர், தாய்லாந்தில் குடியேற ஆசை.

"அனுபவப்பட்டவர் நீங்கதான்னு சொன்னாங்கண்ணே. அங்க வரி உண்டா? எனக்கு இப்பவும் பென்ஷன் வந்துக்கிட்டிருக்கு."

சபாபதி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "தாய்லாந்துல வரியே கிடையாது. நான் ஆபீஸ்ல உட்கார்ந்து கேட்டுட்டு வந்தவன். பர்மிட்டை மட்டும் எடுத்துக்குங்க, வேற யாரையும் கேட்க வேணாம்."

ஐயாசாமி நன்றியோடு அவருடைய தே தாரிக்குக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தார். ஊர் போனதும் வீட்டை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். தாய்லாந்தில் இருக்கும் மச்சானுக்கோ அங்கே போக நினைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கோ, பர்மிட்டைப் பற்றியும் பழைய சேமிப்பைப் பற்றியும் உடனே ஒரு வாட்ஸ்அப் தட்டிவிட வேண்டும் என்று உங்கள் கை பரபரக்கிறதா இல்லையா? தாராளமாக அனுப்புங்கள். எந்த ஆபீசில் விசாரித்தீர்கள் என்று மட்டும் அவர் திருப்பிக் கேட்டுவிடக் கூடாது.