கெய்கோவின் தீவுக்கு நான் போட்ட பாலம்

விளங்காத கதைக்குத் தலையாட்டுவதில் என்னை வெல்ல ஆளில்லை. மொன்றியலுக்கு வந்த புதிதில் என்னுடைய பிரெஞ்சு முழுவதும் கழுத்தில்தான் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் 'வுய், வுய்', அதாவது 'ஓம், ஓம்' என்று ஆட்டுவேன். ஒருமுறை பஸ் சாரதி கேட்ட எதற்கோ அப்படி ஆட்டிவிட்டு, கடைசித் தரிப்பிடத்தில் இறங்கிப் பனிக்குள் நடந்தே வீடு வந்தேன். இதெல்லாம் சின்ன விபத்துகள். அந்தக் கழுத்து என்னை முழுதாகக் கவிழ்த்தது 2003ஆம் ஆண்டு, ஒரு யப்பானியத் தீவில்.

அப்போது செயின்ட்-மிஷேலில் ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை. பிரெஞ்சுச் சான்றிதழ் ஒன்று கொண்டுவந்தால் மேற்பார்வையாளர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே சனிக்கிழமை காலைகளில் வில்லரேயில் ஒரு வகுப்பு. கடைசிப் பரீட்சை வாய்மொழி. இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் பிறந்த ஊரைப் பற்றி மற்றவர் பேச வேண்டும். கேட்பதற்கு வீட்டாரும் வரலாம்.

எனக்குக் கிடைத்த சோடி கெய்கோ. நாற்பது வயது தாண்டிய யப்பானியப் பெண். கணவர் மார்செல் இந்த ஊர்க்காரர். யப்பானில் பல வருடங்கள் இருந்துவிட்டு அப்போதுதான் இருவரும் இங்கே குடிவந்திருந்தார்கள். கெய்கோவின் குரல் பக்கத்தில் இருப்பவருக்கே அரைவாசிதான் கேட்கும்.

மூன்று சனிக்கிழமைகள் அவர் தன் தீவைப் பற்றிச் சொன்னார். மூன்று சனிக்கிழமைகளும் நான் தலையாட்டினேன். ஒருநாள் என் கொப்பியை வாங்கி ஒரு பெரிய வட்டம் கீறி, அதற்குள் ஒரு சின்ன வட்டம் கீறி, என் முகத்தையே ஆவலாகப் பார்த்தார். பொரித்த முட்டை என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. 'கெய்கோவுக்கு முட்டை விருப்பம்' என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

"அந்த மனிசியை இன்னொருக்கால் கேட்டால் என்னப்பா? வாயிலை இருக்கிற முத்து கொட்டிப்போகுமோ?" என்றாள் என் மனைவி வதனி.

"கேட்டால் எனக்கு விளங்கேல்லை எண்டு தெரிஞ்சிடும்."

"விளங்கேல்லைத்தானே?"

நேரே நூலகத்துக்குப் போய், ஆங்கிலத்தில் யப்பானைப் பற்றிய தடித்த புத்தகமொன்றை எடுத்தேன். கெய்கோ சொன்ன பெயர் 'அவோ' என்று தொடங்கி 'ஷிமா' என்று முடிந்தது. புத்தகத்தில் அவோஷிமா என்றொரு சின்னத் தீவு இருந்தது. (நடுவில் 'க' மாதிரி ஒரு சத்தம் கேட்டது உண்மைதான். அவருக்கு இருமல் என்று விட்டுவிட்டேன்.) படம், வரலாறு எல்லாம் இருந்தன. மனப்பாடம் செய்தேன்.

பரீட்சை நாளில் கெய்கோதான் முதலில் எழும்பினார். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையின் பெயரைச் சரியாகச் சொன்னார். மழைக்கு அந்த ஒழுங்கை எந்த இடத்தில் வெள்ளம் கட்டும் என்பதைக்கூடச் சொன்னார். நான் அரைகுறைப் பிரெஞ்சில் உளறியதையெல்லாம் அந்தப் பெண் ஒன்று விடாமல் காதில் வாங்கியிருக்கிறார். அப்போதாவது புத்தகத்தை மறந்துவிட்டு அவரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் நின்றேன்.

"கெய்கோவின் தீவு மிகச் சிறியது. நடந்தே சுற்றி வந்துவிடலாம். நடுவில் ஒரு கோயில். வீடுகள் இல்லை."

ஆசிரியை புருவத்தை உயர்த்தினார். "அப்படியென்றால் கெய்கோ எங்கே பிறந்தார்?"

"கோயிலில்," என்றேன், ஒரு கணமும் தயங்காமல்.

எல்லோரும் கெய்கோவைப் பார்த்தார்கள். அவர் மெல்லத் தலை குனிந்து புன்னகைத்தார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக அந்தப் பெண் தன் பிறப்பையே விட்டுக்கொடுத்தார் என்பது எனக்குப் பேந்துதான் விளங்கியது. அந்தப் புன்னகை தந்த தைரியத்தில் மேலே போனேன். ஒரு காலத்தில் புதுமணத் தம்பதிகள் அங்கே கூட்டம் கூட்டமாகப் போனார்கள் என்றேன். கெய்கோவுக்கு முட்டை மிகவும் பிடிக்கும் என்று படத்தையும் தூக்கிக் காட்டினேன். "கரையிலிருந்து தீவுக்கு அழகான ஒரு பாலம் இருக்கிறது" என்றேன்.

"பாலமா?"

பின்வரிசையில் மார்செல் எழும்பி நின்றார். ஆறடி மனிதர்.

"மூன்று மணித்தியாலம் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு போய்த்தான் நான் இவளைப் பெண் கேட்டேன். பாலம் இருக்கிறதென்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே!"

(வாந்தியை நடித்தும் காட்டியதால் எனக்கும் விளங்கியது.)

வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாத வதனி, என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

கெய்கோ எழும்பி வந்தார். கரும்பலகையில் அதே பெரிய வட்டத்தையும் சின்ன வட்டத்தையும் கீறினார். "இது முட்டை இல்லை," என்றார் என்னைப் பார்த்து, மிக மெதுவாக. "மலை. மலைக்குள் இன்னொரு மலை. அவோகஷிமா." இந்த முறை அந்தக் 'க' கணீரென்று கேட்டது.

ஆசிரியை இரக்கமுள்ளவர். "கெய்கோ சொல்லட்டும். நீங்கள் கேட்டு, திருப்பிச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் பரீட்சை."

வாழ்க்கையில் முதல்முறையாக, தலையை ஆட்டாமல் ஒரு கதையைக் கேட்டேன். விளங்காத இடங்களில் கையைத் தூக்கி, "என்ன?" என்று கேட்டேன். கெய்கோ சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். கடலுக்கு நடுவே எரிமலைத் தீவு. நிலத்திலிருந்து வரும் ஆவியில் வத்தாளங்கிழங்கு அவிப்பார்கள். இருநூறு வருடங்களுக்கு முன் ஒருநாள் மலை வெடித்தது. பக்கத்துத் தீவிலிருந்து வள்ளங்கள் வந்தன. எல்லோருக்கும் இடம் போதவில்லை. தப்பியவர்கள் அந்தப் பக்கத்துத் தீவிலேயே காத்திருந்தார்கள். திரும்பிப் போக முயன்ற வள்ளங்கள் சில கடலோடு போயின. ஆனாலும் கடைசியில் போனார்கள். எத்தனை வருடம் கழித்து என்ற இடத்தில் பிரெஞ்சு என்னைக் கைவிட்டது. வாயில் தமிழ் வந்துவிட்டது.

"ஐம்பது வருஷம்."

வதனி சிரிப்பை நிறுத்தினாள். ஊரில் சமாதானம் வந்துவிட்டது, திரும்பிப் போகலாமாம் என்று எல்லா வீடுகளிலும் கதைத்துக்கொண்டிருந்த காலம் அது.

"ஐம்பது வருஷமோ? போன எல்லாரும் திரும்பி வந்தவையோ? கேளுங்கோ," என்றாள், பரீட்சை என்பதையும் மறந்து.

கேட்டேன். கெய்கோ வதனியைப் பார்த்தே பதில் சொன்னார். நான் தமிழாக்கினேன்.

"சில கிழவர்கள் வந்தவையாம். மிச்சம் பிள்ளையளும் பேரப்பிள்ளையளும். தீவைக் கண்ணாலையும் காணாத ஆக்கள்."

"காணாமலே போனவையோ," என்றாள் வதனி. கெய்கோ போய் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து கொண்டார்.

முதல் தீவுக்குப் பூச்சியமும் இரண்டாவது தீவுக்கு நல்ல புள்ளியும் போட்டு, ஆசிரியை என்னை மயிரிழையில் சித்தியடைய வைத்தார். மேற்பார்வையாளர் வேலையும் கிடைத்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் தெரியாத விஷயத்துக்கு அடித்துவிடத் தொடங்கினால், "அப்பா பாலம் போடுறார்" என்று எல்லோரும் எழும்பிவிடுவார்கள். அது வீட்டோடு நிற்கவுமில்லை. பரீட்சைக்கு அடுத்த கோடையில் கெய்கோ தாயைப் பார்க்கப் போய், தீவிலிருந்து தபாலட்டை போட்டிருந்தார்:

"கடல் மோசம். நான்கு நாட்களாகக் கப்பல் இல்லை. துறைமுகத்தில் நிற்கும் சனமெல்லாம் உங்கள் பாலத்தைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். எப்போது முடியும் என்று அம்மா கேட்கிறார்."

வதனிக்கு வாசித்துக் காட்டினேன். அட்டையை வாங்கி, படத்திலிருந்த அந்தப் பச்சை மலையைக் கனநேரம் பார்த்தாள்.

"பாலம் முடிஞ்சால் எனக்கும் சொல்லுங்கோ," என்றாள். "நானும் ஒருக்கால் போய்ப் பாக்கவேணும்."