சி-407 பானுமதிக்குக் காய்ச்சல்

நான் ஒரு மனுஷியை உருவாக்கியிருக்கிறேன். பெயர் பானுமதி, வயது நாற்பத்திரண்டு, வீட்டு எண் சி-407. அவளை உருவாக்க ஒரு பழைய சிம் கார்டும் பதினோரு நிமிடமும் போதுமாக இருந்தன. ஒழிப்பதற்குத்தான் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பே தேவைப்பட்டது.

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் குடியிருப்பின் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். உறுப்பினர்கள் நூற்றுப் பத்துப் பேர். காலையில் ரோஜாப்பூ படம், மாலையில் சூரியன் மறையும் படம், இடையில் மயான அமைதி. செடி பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. அந்த நேரம் பார்த்து அசோசியேஷன் செயலாளர் நாகராஜ் அங்கிள் என்னை லிஃப்டில் மடக்கினார்.

"நோடும்மா, இங்க பாரு, மொட்டை மாடிய செல்ஃபோன் டவர்காரங்க கேக்கறாங்க. உங்க குரூப்ல யாருக்காவது நிஜமா தோட்டம் வேணுமா? வேணும்னா ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல காட்டு. இல்லேன்னா டவர்தான்."

ஐந்தே நாள்! எனக்குப் பதற்றம் வந்தால் பட்டியல் போடுவேன். (சந்தோஷம் வந்தாலும் போடுவேன். அது வேறு ஃபைல்.) ஒன்று, யாராவது முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இரண்டு, அது அட்மினாக இருக்கக் கூடாது. தோட்டக் குழு அட்மினுக்கே செடி வளர்க்கத் தெரியாதென்றால் மானம் போகும். மூன்று, ஆகவே ஆளைத் தயாரிக்க வேண்டும். எந்த வீடு காலி என்று குடியிருப்பின் பராமரிப்புக் கட்டண ஷீட்டைத் திறந்து பார்த்தேன். சி-407 காலி. பானுமதி குடியேறினாள்.

செவ்வாய்க்கிழமை காலை எழுதினாள்: "என் கறிவேப்பிலைச் செடி நாலு மாசமா நாலே இலையோட நிக்குது. யாராச்சும் வழி சொல்லுங்களேன்." கூடவே படம்.

ரோஜாப்பூக்கள் நின்றன!

"புளிச்ச மோர் ஊத்துங்க." "இந்த ஊர் குளிருக்கு அப்படித்தான், வெயில்ல வைங்க." "மோரா? எறும்பு வரும், யாரும் ஊத்தாதீங்க!" மதியத்துக்குள் குழு மோர்க் கட்சி, மோர் எதிர்ப்புக் கட்சி என்று இரண்டாகப் பிளந்தது. ஆபீஸ் மீட்டிங்கில் மேஜைக்கடியில் போனை வைத்துக்கொண்டு நான் பூரித்துப் போனேன். என் ப்ராஜெக்ட் எதுவும் முதல் நாளிலேயே இப்படி ஓடியதில்லை.

வியாழக்கிழமை ஏ பிளாக் லதா ஆன்ட்டி எழுதினார்: "பானு, சாயங்காலம் வந்து செடியப் பாக்கறேன்." பழைய பெங்களூரான மல்லேஸ்வரத்தில் வளர்ந்தவர். வருகிறேன் என்றால் வந்துவிடுவார். அவசரமாகப் பானுமதிக்குக் காய்ச்சலை வரவழைத்தேன். "நூத்திரண்டு டிகிரி ஆன்ட்டி. தனியா இருக்கேன், எழுந்திரிக்கவே முடியல. அப்புறம் வாங்க."

(அந்த 'தனியா இருக்கேன்' எதற்கு? உருக்கத்துக்காகச் சேர்த்தேன். அதற்கு இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.)

ஆறரை மணிக்கு கம்பெனி கேபிலிருந்து இறங்கும்போது குழுவில் லதா ஆன்ட்டி: "எல்லாரும் சி-407 வாங்க. ஏதோ சரியில்ல."

நான்கு மாடியையும் படியிலேயே ஏறினேன். வராந்தாவில் இருபது பேர். கையில் ரசத் தூக்கு, கஷாய ஃபிளாஸ்க், இட்லி டப்பா, ஒரு கறிவேப்பிலைக் கன்று. வாசலில் ஓர் இளைஞர், பாதி பிரித்த அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி. பெயர் முருகேசன், பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அன்று காலைதான் குடிவந்தவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. என் ஷீட் பொய் சொல்லாது. புதுப்பிக்காவிட்டால் மட்டும் சொல்லும்.

"பானுமதி எல்லிப்பா? எங்க அவ?" என்றார் லதா ஆன்ட்டி.

"எந்தப் பானுமதிங்க?"

"பாருங்க, எந்தப் பானுமதியாம்! பொண்டாட்டிக்கு நூத்திரண்டு ஜுரம், இவன் பெட்டி கட்டறான்!"

"கட்டலைங்க, பிரிக்கிறேன்! எனக்குக் கல்யாணமே ஆகலைங்க!"

"அப்போ அவ யாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் இன்னும் மோசமான திசையில் யோசித்தது.

நாகராஜ் அங்கிள் செக்யூரிட்டியைக் கூப்பிடப் போனை எடுத்தார். முருகேசனின் முகம் வெளுத்தது. நைசாகக் கீழே இறங்கிவிடலாம் என்பதுதான் என் பட்டியலில் முதலில் இருந்தது. ஆனால் வந்த முதல் நாளே ஒரு மனிதர், இல்லாத மனைவியைத் தொலைத்துவிட்டு நிற்கிறார்.

"பானுமதி நான்தான்," என்றேன்.

சிம், ஷீட், டவர் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"அப்போ அந்தச் செடி?" என்றார் லதா ஆன்ட்டி.

"அது நிஜம் ஆன்ட்டி. என் பால்கனில இருக்கு."

"செடி உன்னுது, சந்தேகம் உன்னுது. பேரு மட்டும் ஏம்மா இன்னொருத்தியோடது? நீயே கேட்டா சொல்ல மாட்டோமா?"

நான் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தேன்.

"நட, காட்டு," என்றார்.

இருபது பேரும் என் பால்கனிக்கு ஊர்வலம் போனார்கள். முருகேசனும் வந்தார், ரசத் தூக்கோடு. (திருப்பித் தர மறுத்துவிட்டார். நஷ்டஈடாம்.) மோர்க் கட்சியும் எதிர்க்கட்சியும் முதல்முறையாக முகத்துக்கு முகம் மோதின. "ஓ, தினம் ரோஜா அனுப்பறது நீங்கதானா!" என்று இருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் தோட்டத்துக்காகத் தூக்கிய கைகளை நாகராஜ் அங்கிள் எண்ணவே இல்லை. "ஒரு செடிக்கே இவ்ளோ சண்டையா! டவர் வேண்டாம்பா," என்றார்.

இன்று அந்தக் கறிவேப்பிலை மொட்டை மாடியில் என்னைவிட உயரமாக நிற்கிறது. எல்லோரும் அதைப் பானுமதி என்றுதான் கூப்பிடுகிறார்கள். (எனக்கும் முருகேசனுக்கும் கல்யாணம் ஆகவில்லை. கேட்பீர்கள் என்று தெரியும்.)

போன மாதம் எனக்கு நிஜமாகவே காய்ச்சல். நூற்றிரண்டு. குழுவில் என் பெயரிலேயே எழுதினேன். முதல் பதில் முருகேசனிடமிருந்து: "தெர்மாமீட்டர் போட்டோ ப்ளீஸ்."

அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ரசம் வந்தது. அதே தூக்கில்.